தொட்டியில் இறந்த மீன்கள்

யான் பிறந்து வளர்ந்தது புதுவை நகர். எனக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியிருந்த காலத்தில், உறவினர் ஒருவர் பாகூர் ஏரியினின்று கொணர்ந்த ஜிலேபிக் கெண்டைகள் மூன்றை எங்கள் வீட்டு முற்றத்துத் தொட்டியில் விட்டு வளர்த்தோம். கிணற்று நீர் இறைத்து மாற்றுவது தம்பியின் வேலை. வருவோர்க்கெல்லாம் மீனைக் கையிற் பிடித்துத் தூக்கிக் காட்டுவது என் பெருமை. நான்காம் நாட் காலை மூன்றும் இறந்து மிதந்தன. “நீ நீரை மாற்றவில்லை” என்று தம்பியை அடித்தேன். “மாற்றினேன், அண்ணா” என்று அவன் அழுத குரலை யான் மறந்திலேன்.

நிற்க. சென்ற பருவத்தில் விலங்கியல் பயிலும் விடுதி நண்பரொருவரிடம் இதனைக் கூறினேன். அவர் மீனைப் பற்றி ஒன்றும் கேளாமல், “எத்தனை முறை தூக்கினீர்?” என்று மட்டும் வினவினார். பின்னர் அவர் விளக்கியதைத் தமிழ் மாணவனாகிய யான் அறிந்துகொண்ட அளவில் எழுதுகின்றேன்.

நன்னீர் மீனின் குருதி, சூழ்ந்துள்ள நீரினும் உப்பு மிக்கது. ஆதலால் உடலுப்பு ஓயாது வெளியே கசியும். நீர் ஓயாது உட்புகும். புகுந்த நீரைச் சிறுநீரகம் கழிக்கும். இழந்த உப்பைச் செவுளிலுள்ள தனிவகை உயிரணுக்கள் நீரினின்று மீட்டுக்கொள்ளும். கடல்மீனுக்கோ இது தலைகீழ்: அது கடல்நீரைப் பருகி, மிகுந்த உப்பைச் செவுள்வழியே வெளியேற்றும்.

மீன் அஞ்சுங்கால் அட்ரினலின் என்னும் ஹார்மோன் குருதியிற் பரவும். மூச்சுக்காற்றை மிகுதியாகப் பெறுதற்பொருட்டுச் செவுளிற் குருதி பெருகியோடும். அவ்வழியே உப்பிழப்பும் பெருகும். அடுத்துக் கார்ட்டிசால் சுரந்து, செவுளணுக்களை ஊக்கி, இழந்ததை ஈட்ட முயலும். தொண்டையின் கீழ்ச் சிதறிக்கிடக்கும் தைராய்டு நுண்பைகள் தரும் தைராக்சினும் அதற்குத் துணை நிற்கும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை, நன்னீரிலும் உவர்நீரிலும் வாழவல்லது. கேரளத்து அறிஞர் சுபாஷ் பீட்டரும் நெதர்லாந்து அறிஞர் இருவரும் அதனையே ஆராய்ந்து, நன்னீரில் அதன் உப்புச் சமன்பாட்டைக் காப்பதில் தைராய்டு ஹார்மோன்களுக்கும் பங்குண்டு என்பதற்கு 2000-ஆம் ஆண்டிற் சான்று காட்டினர்.

ஒருமுறை அஞ்சிய மீன் மீளும். மீளுமுன் மீண்டும் மீண்டும் அஞ்சுமாயின், ஈட்டுவதினும் இழப்பது மிகும், வலிமை குன்றும், நோய்க்கும் எளிதில் இரையாகும். மீன்குஞ்சுகளை நெடுந்தொலைவு கொண்டுசெல்வோர் நீரிற் சிறிது உப்பிடும் வழக்கம் இவ்விழப்பைக் குறைப்பதற்கே.

எங்கள் மீன்கள் இதனால் மட்டுமே இறந்தனவோ, துணிந்து கூறேன். ஆயினும் தொட்டி நீரை ஐயுற்ற யான் என் கையை ஐயுற்றிலேன். விடுமுறையில் புதுவை சென்றபோது இவை யாவற்றையும் தம்பியிடம் கூறி, அன்று அடித்தது தவறு என்றேன். அவன் செவுளையும் கேட்டான்; தைராக்சினையும் கேட்டான்; இறுதியில், “நான் அன்றைக்கே சொன்னேனே, அண்ணா” என்றான்.