கிம்ச்சியும் கூனியும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்குப் பிறர் உணவு புதிதன்று. வடா பாவும் மிசலும் நம் பிள்ளைகளுக்கு இட்லியைப் போலவே பழக்கமானவை. ஆயினும், கொரிய நாட்டு உணவை உண்ணவேண்டும் என்று எங்கள் மகள் கேட்டபோது நாங்கள் சற்றே தயங்கினோம். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் கொரியத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவள் அவள். பத்தாம் வகுப்பில் தேறியதற்குப் பரிசாக வேறெதையும் அவள் விரும்பவில்லை.

ஒரு ஞாயிறு மாலை, செம்பூரிலிருந்து காட்கோபர் வரை ஆட்டோவிலும், அங்கிருந்து 2014-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலிலும் சென்று, அந்தேரிப் பகுதியிலுள்ள ஒரு கொரிய உணவு விடுதியை அடைந்தோம். எழுபதைக் கடந்த எங்கள் தாயாரும் உடன் வந்தார்கள். "வீட்டில் மோரும் சோறும் இருக்கிறது, பசித்தால் வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டே புறப்பட்டார்கள்.

முதலில் சின்னஞ்சிறு கிண்ணங்களில் தொடுகறிகள் வந்தன. கீரை, முளைப்பயறு, முள்ளங்கி எனப் பல வகை. தீர்ந்தால் மீண்டும் கொணர்ந்து வைக்கிறார்கள்; அதற்குத் தனி விலை இல்லை. நம் இலைச் சாப்பாட்டு முறையே நினைவுக்கு வந்தது. "ஆச்சி, நீங்கள் முதலில் கரண்டியை எடுத்தால்தான் நாங்கள் எடுக்கலாம். கொரியாவில் பெரியவர்களுக்கு அந்த மரியாதை உண்டு" என்றாள் மகள். தாயார் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது.

அடுத்து வந்தது கிம்ச்சி. அதன் புளித்த வாடை எழுந்ததும் நாங்கள் மூக்கைச் சுளித்தோம். தாயாரோ ஒரு துண்டை வாயிலிட்டு நிதானமாக மென்றார்கள். "ஏட்டி, இது நம் கூனி வாசமல்லவா?" என்றார்கள் பேத்தியிடம்.

பரிமாறியவரை விசாரித்தோம். தாயார் சொன்னது மெய்யே. முட்டைக்கோசை உப்பிலிட்டு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி ஆகியவற்றோடு, உப்பிட்ட சிறு இறாலும் மீன்சாறும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். ஆகவே, சைவ அன்பர்கள் கேட்டறிந்த பின்னரே உண்பது நலம். அதைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுள் ஒருவகை நம் இட்லி மாவிலும் உண்டு. மிளகாயோ அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. குளிர்காலத்துக்கு முன் பலர் கூடிக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்ளும் தென்கொரிய மரபை யுனெஸ்கோ 2013-இல் மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

கூனி என்ற சொல் எங்களைப் பழைய நாட்களுக்கு இழுத்துச் சென்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த எங்கள் பெற்றோர் அப்போது தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்தனர். தாயார் கூனி வறுக்கும்போதெல்லாம் பள்ளிச் சிறுவர்களாயிருந்த நாங்கள் ஓடிச் சென்று சன்னலைச் சாத்துவோம். உடன் படிப்பவர்கள் எங்கள் சட்டையை முகர்ந்து கேலி செய்ததே காரணம். "இனிமேல் இதைச் செய்யாதே அம்மா" என்று ஒருநாள் அழுதோம். அதன்பின் எங்கள் அடுப்பில் கூனி ஏறியதே இல்லை.

மாதுங்காவில் கஃபே மெட்ராஸ் 1940-இலும், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் 1942-இலும் தோன்றின. இன்று எல்லா மொழியினரும் அங்கே வரிசையில் நிற்கின்றனர். இதே நகரில்தான் 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டவரின் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. பிறர் நம் உணவை இகழ்ந்தபோது வருந்திய நாமே, இன்னொருவர் உணவின் முன் மூக்கைச் சுளிக்கலாமா? நாங்கள் வெட்கினோம்.

இறுதியில் சூடான கல்சட்டியில் காய்களும் முட்டையும் மிளகாய் விழுதும் கலந்த சோறு வந்தது; அதன் பெயர் பிபிம்பாப். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தாயார் பேத்திக்கு ஊட்டினார்கள். வீட்டு மோருக்கு அன்றிரவு வேலை இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தாராவிக்குச் சென்று கூனி வாங்கி வந்தோம். தாயார் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பை மூட்டினார்கள். சன்னல் திறந்தே இருந்தது.