துரையின் குதிரைக்கு வந்த மெசின்

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் பாட்டனார் குதிரைக்காரராக இருந்தவர். துரை மலை பார்க்கக் குதிரையில் புறப்பட்டால் பின்னாலேயே ஓடுவார். திரும்பி வந்ததும் குதிரையைத் தேய்த்துத் துடைத்துத் தீனி வைத்து லாயத்தில் கட்டுவார். அவர் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே இரும்புச் சாமான் முடி வெட்டும் ஒரு கை மெசின். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய நீண்ட பிடிகள், முனையில் பல் வைத்த இரண்டு தகடுகள். தேய்ந்த எழுத்துகளில் ‘பர்மிங்ஹாம்’ என்பதை மட்டும் வாசிக்க முடிகிறது. இப்படியொரு கருவியை யார், எதற்காக யோசித்தார்கள் என்று அறியும் ஆவலோடு பதுளை பஸாரில் சலூன் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் முதலில் போனேன்.

“இது மனுசத் தலைக்குச் செஞ்சதில்ல தம்பி. பல்லு எம்புட்டு அகலம், பாருங்க. இது குதிர மெசினு. எங்கப்பா வச்சிருந்தது ஒத்தக் கையால புடிக்கிறது” என்றார். பிறகு திருகைக் கழற்றித் தகடுகளைப் பிரித்து மேசையில் வைத்தார்.

கீழ்த்தகடு அசையாது. அதன் பற்களின் நுனி மழுங்கலாக இருக்கும். முடிக்குள் புகுந்து அதை நிமிர்த்திப் பிடிப்பதும், தோலில் படுவதும் இந்த மழுங்கல் நுனிதான். மேல்தகடு அதன் முதுகில் வலமும் இடமுமாக ஓடுகிறது. ஒவ்வொரு பல்லிடுக்கும் ஒரு சின்னக் கத்தரிக்கோல். பிடியை ஒருமுறை அமுக்கினால் அத்தனை கத்தரிக்கோலும் ஒன்றாக வெட்டும். நடுவிலுள்ள திருகை அதிகம் இறுக்கினால் கை கடுக்கும். தளரவிட்டால் முடி இரண்டு தகட்டுக்கும் இடையே மடிந்து சிக்கிக்கொள்ளும். சின்ன வயதில் மெசினுக்குத் தலையைக் கொடுத்துக் கண்ணீர் விட்டவர்களுக்கு இந்தத் திருகை நன்றாகத் தெரியும். தோலில் எவ்வளவு முடி மிஞ்ச வேண்டும் என்பதைக் கீழ்த்தகட்டின் தடிப்பே தீர்மானிக்கிறது. வெட்டுகிறவர் கைதேர்ந்தவரோ புதியவரோ, முடி ஒரே மட்டமாக நிற்கும். இந்தக் கருவியின் முழு அறிவும் அந்தக் கீழ்த்தகட்டில் இருக்கிறது.

விலங்கின் உரோமத்தை வெட்டும் கத்தரி மிகப் பழையது. ஒரே இரும்புப் பட்டையை வளைத்து, இரு நுனிகளையும் அலகாகத் தட்டிய வில் கத்தரி இரும்புக் காலத்திலேயே இருந்தது. ஆணி கிடையாது, வளைவே வில். செம்மறியாட்டுக்கு இன்றும் அது போதும். ஷெஃபீல்டின் பர்கன் அண்ட் பால் 1730இல் தொடங்கிய கம்பனி, ஆட்டுக் கத்தரிக்குப் பேர்போனது. ஆஸ்திரேலியாவில் ஜாக்கி ஹவ் என்ற தொழிலாளி 1892இல் கைக்கத்தரியால் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளுக்கு உரோமம் கத்தரித்தார். நம் யாழ்ப்பாணச் செம்மறிக்குக் கத்தரிக்கத்தக்க கம்பளி கிடையாது. தமிழ்ப் பக்கத்தில் அந்தத் தொழிலைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும்.

குதிரையின் தேவை வேறு. குளிர்நாட்டில் பனிக்காலத்தில் அதற்கு அடர்த்தியாக முடி வளரும். கடுமையாக ஓடிய பிறகு வியர்வை அந்த முடியில் ஊறிக் காயாமல் நின்று, உடம்பு குளிர்ந்து நோயில் விழும். அதனால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் குதிரைக்கு முடி வெட்டும் வழக்கம் பரவியது. சீப்பால் தூக்கிக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். சுடரால் பொசுக்குவதும் உண்டு. நாட்கணக்கில் இழுக்கும் வேலை. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பல் வைத்த கை மெசின் வந்து அந்த வேலையைச் சுருக்கியது. பர்மிங்ஹாமில் வில்லியம் போன் அதை ‘நியூமார்க்கெட்’ என்ற பெயரில் விற்றார். பர்மன் கம்பனியும் குதிரை மெசின் செய்தது. அங்கிருந்துதான் எங்கள் மெசின் கப்பலேறியிருக்கிறது. எங்கள் மலையிலும் குளிர் உண்டு; பக்கத்து அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மழையிலும் மூடுபனியிலும் நனைந்து வரும் குதிரையைக் காயவைப்பது குதிரைக்காரருக்கு ஓயாத பாடு.

இந்த மெசினுக்கு ஒரே ஒருவரைப் பிதாவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. நிக்கோலா பிசுமிச் என்ற செர்பிய நாவிதரின் பெயரைப் பலர் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும் பல்வரிசை என்ற யோசனை அதற்கு முன்பே வயலில் இருந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான பாட்ரிக் பெல், வேலியில் செருகிக் கிடந்த ஒரு தோட்டக் கத்தரியைக் கண்டு, பல கத்தரிகளை வரிசையாக வைத்தால் கதிர் அறுக்கலாமே என்று நினைத்தார். 1828இல் அவருடைய அறுவடை எந்திரம் வயலில் ஓடியது. எல்லோரும் செய்து பயன்பெறட்டும் என்று அவர் காப்புரிமை எடுக்கவில்லை. அமெரிக்காவில் ஓபெட் ஹசி 1833இலும் மக்கோர்மிக் 1834இலும் காப்புரிமை பெற்ற எந்திரங்களில் நிலையான விரல்களுக்கு இடையே வெட்டலகு இங்குமங்கும் ஓடியது. குதிரை மெசினின் இரண்டு தகடுகளும் செய்வது அதே வேலைதான். புல்லில் கற்றதைத் தோலில் செய்தார்கள் என்பதே என் முடிவு.

அடுத்த கட்டம் நமக்கு நெருக்கமானது. அயர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா போன பிரெட்ரிக் வுல்ஸ்லி, 1877இல் ரொபர்ட் சாவேஜோடு சேர்ந்து ஆட்டு உரோமம் வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1888இல் டன்லொப் பண்ணையில் 40 பேர் அந்த எந்திரத்தாலேயே முழு மந்தைக்கும் கத்தரித்து முடித்தார்கள். அதைச் சீர்திருத்தியவர் ஹெர்பர்ட் ஒஸ்டின். பிறகு அவர் பர்மிங்ஹாமுக்கு வந்து வுல்ஸ்லி கம்பனியை நடத்தி, அங்கேயே கார் செய்யக் கற்று, 1905இல் சொந்தக் கம்பனி தொடங்கினார். நம் மலைப்பாதைகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்டின் கார் அவருடையதுதான். உரோமம் வெட்டும் எந்திரத்தோடு வளர்ந்த தொழிலே கடைசியில் குதிரையை லாயத்திலிருந்து வெளியேற்றியது. மோட்டார் சைக்கிளும் காரும் வந்தபின் குதிரைக்காரர் வேலை தோட்டத்தில் இல்லாமல் போனது. என் பாட்டனார் மண்வெட்டி எடுத்தார்.

குதிரை போனாலும், மனிதத் தலைக்கென்று ஒற்றைக் கையில் பிடிக்கும் சின்ன மெசின் லயத்து வாசலில் நிலைத்தது. அந்நாளில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் என்று தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு தொகையைத் தோட்டமே பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மெசின் வெட்டுக்கு ஒவ்வொருவரும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டின் வழியே காசு கட்டினார்கள். அந்த நாவிதர்களின் உழைப்பைத் தோட்ட வரலாறு எழுதியவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனித் தேயிலைக்கு வருகிறேன். கொழுந்து பறிக்கும் கைக்கத்தரியில் ஒரு அலகோடு தட்டுப் பொருத்தியிருக்கும். வெட்டிய கொழுந்து அதில் விழும். ஜப்பானில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இது பழக்கத்தில் உண்டு. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கத்தரியில் வெட்டும் அலகு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. உயர்ந்து நிற்கும் கொழுந்து மட்டும் வெட்டுப்படும். அடியில் முளைக்கும் இளந்தளிர் அடுத்த சுற்றுக்குத் தப்பும். குதிரை மெசினின் கீழ்த்தகடு செய்ததும் இதைத்தான். எதை வெட்டாமல் விடுவது என்பதைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. இப்போது சில தோட்டங்களுக்கு வந்திருக்கும் மோட்டார் மெசினிலும் பல்வரிசை இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகிறது.

ஆனாலும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் மணம் ஏறும் எங்கள் ஊவாக் கொழுந்தைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் விரலுக்கு நிகராக எந்த அலகும் இல்லை. கத்தரிதான் என்று தோட்டம் முடிவு செய்தால், நாள் முழுக்க அதைத் தூக்கி நிற்கும் பெண்ணின் தோளையும் மணிக்கட்டையும் அளந்து செய்யட்டும். குதிரையின் தோல் கீறுப்படக் கூடாதென்று பல்லின் நுனியை மழுக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். அந்த அக்கறையைக் கொழுந்து பறிப்பவருக்குக் காட்ட இத்தனை காலம் ஆகியிருக்கக் கூடாது.

கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகம் பெரிய எந்திரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகாக் தோட்டத்து லயத்தில் 2007இல் தொடங்கிய தொழிலாளர் அருங்காட்சியகம் எங்கள் சனங்களின் சாமான்களைச் சேர்க்கிறது. ஊவாவில் அப்படியொன்று வேண்டும். பசறையிலும் ஹாலிஎலயிலும் பண்டாரவளையிலும் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் ஒரு பழைய மெசினோ கவ்வாத்துக் கத்தியோ கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்தத் தோட்டம், யார் கை, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.