லிண்டல் மட்டம்

"ஏட்டி, உக்காந்து பாரு. நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு."

அம்மா முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். 1989 அல்லது 1990. எனக்குப் பதினோரு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு தூர்தர்ஷனில் ஏதாவது ஒரு மாநில மொழிப் படம் வரும். காலையில் மகாபாரதம், சாயங்காலம் தமிழ்ப் படம், நடுவில் இது. பெரும்பாலும் நமக்குப் புரியாத பாஷை. அதிசயமாக அன்றைக்குத் தமிழ். ஆனாலும் ஒரு பெண் பேசாமல் ஜன்னலைப் பார்த்தபடி நிற்க, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"அவார்டு படம்மா" என்றேன். எங்கள் தெருவில் அது கிட்டத்தட்ட வசவு. மெதுவாகப் பேசுகிறவனை, சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, எல்லாரையும் அந்தச் சொல்லால்தான் கேலி செய்வோம். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

எங்கே ஓடினேன் என்பதுதான் வேடிக்கை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே, உடைமரங்களுக்கு நடுவில், நாங்கள் பாதி கட்டி நிறுத்தியிருந்த வீட்டுக்கு. அங்கேதான் தெருப்பிள்ளைகள் எல்லாரும் ஒளிந்து பிடித்து விளையாடுவோம். கூரை கிடையாது. லிண்டல் மட்டத்தில் வேலை நின்று எட்டு மாதமாகியிருந்தது. கடனின் இரண்டாவது தவணை வரவில்லை என்று அப்பா சொல்வார். இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி என்பார். மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து, மழை பெய்தால் சுவரில் செங்கோடு கோடாக வடியும்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தது பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988இல் வந்த படம். கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, தங்கை, தாத்தா என்று மூன்று பேர். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் யோசனை சொல்ல, வளசரவாக்கத்தில் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்கே. ஆக நான் சொன்னது பொய்யில்லை, அவார்டு படம்தான்.

போன வருஷம் ஆடி மாதம், விஸ்காம் படிக்கும் என் மகள் லேப்டாப்பில் அதை ஓடவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடிக்க வந்தவள். "நீ பாக்கமாட்டம்மா, ரொம்ப ஸ்லோ" என்றாள். முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே வசவு, வேறு வாயிலிருந்து. நின்றபடியே கொஞ்சம் பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். துணி அப்படியே கிடந்தது.

படம் பார்க்கச் சகிக்கவில்லை. பிரிண்ட்டைச் சொல்கிறேன். இந்தப் படத்தின் நெகட்டிவே இப்போது இல்லை என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டே முகங்களை எடுக்கத் தெரிந்த மனிதர். அவர் எடுத்த வெளிச்சம் இன்று சாயம் போன சேலை மாதிரி இணையத்தில் கிடக்கிறது. அன்று எங்கள் ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டயனோராவில் இதைவிடத் துலக்கமாகத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பாமல் இருந்தால். திருப்பினால் ரூபவாஹினி வரும், அதற்காகவே அண்ணன் மொட்டை மாடியில் பாதி நாள் நின்றான்.

காண்ட்ராக்டர் சிமெண்டில் கைவைக்கும் இடம் வந்தது. ஒரு சித்தாள் அதைக் காட்டிக்கொடுக்கிறாள். அந்த வேடத்தில் பசி சத்யா. அவர் சட்டியை ஏற்றி இறக்கும் விதத்தில், பேசும்போது இடுப்பில் கைவைக்கும் விதத்தில், எங்கள் வீட்டு வேலைக்கு வந்த ஒரு அக்காவை அப்படியே பார்த்தேன். ஆற்றுமணல் சலிக்கும்போது கிடைக்கும் சின்னச் சின்னச் சிப்பிகளை எனக்கென்று முந்தானையில் முடிந்துவைப்பார். தாமிரபரணி மணலில் அவ்வளவு சிப்பி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நேரே மனைக்குப் போவேன். சுவர் நனைப்பது என் வேலை. பிளாஸ்டிக் வாளியில் மோந்து மோந்து வீசினால், வெயில் குடித்த செங்கல் சுர்ரென்று இழுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை வீசுவேன். நனைத்து முடித்ததும் அக்கா முடிச்சை அவிழ்ப்பார். சில நாள் இரண்டு சிப்பி, சில நாள் ஏழு.

அந்தந்த வயதில்தான் அது அது புரியும், அப்போது பார்த்திருந்தாலும் உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று மகள் எனக்குச் சமாதானம் சொன்னாள். எல்லாரும் சொல்கிற சமாதானம். எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்தப் படத்தைப் பார்க்க என்னைவிடத் தகுதியான ஆள் அன்றைக்கு இருந்திருக்க முடியாது. அஸ்திவாரத்துக்கு வானம் எத்தனை அடி தோண்டினார்கள், ஒரு மூட்டைக்கு எத்தனை சட்டி மணல், வாசக்கால் வைக்கும் அன்று என்னவெல்லாம் வாங்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். அப்பா எந்த அதிகாரிக்கு எதிரில் எப்படி நிற்பார் என்பதுகூடத் தெரியும், கூட்டிப் போயிருக்கிறார். இன்று நாற்பத்தாறு வயதில் இந்தப் படத்தை நான் நல்ல சினிமாவாகப் பார்க்கிறேன். ஷாட் அழகு என்கிறேன், இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசையைப் பின்னணிக்கு எடுத்தாண்ட விதம் அருமை என்கிறேன். அன்று பார்த்திருந்தால் அது அடுத்த வீட்டுச் சங்கதி. அந்தச் சித்தாள் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன்.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் ஒருநாள் தனியாகக் கிளம்பி, கட்டி முடியாத வீட்டைப் பார்க்கப் போகிறார். அறை அறையாகச் சுற்றுகிறார், சுவரைத் தடவுகிறார். வேறொன்றும் நடப்பதில்லை. போய்விட்டுத் திரும்பும்போது இறந்துபோகிறார். எங்கள் அப்பா அப்படியெல்லாம் போகவில்லை, வீட்டை முடித்து, பதினாலு வருஷம் அதில் குடியிருந்துவிட்டுத்தான் போனார். ஆனால் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஆபீஸ் முடிந்து சைக்கிளில் மனைக்கு வந்து, நான் நனைத்து முடித்த சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். ஈரம் போதுமா என்று பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் அவருடைய அம்மா ஒரு வீடு கட்டினாராம். சிரித்துக்கொண்டிருந்தவர் அந்த வேலை தொடங்கியதும் ஆளே மாறிப்போனாராம். அதுதான் இந்தப் படத்தின் விதை என்று அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு எங்கள் அடுப்படி நினைவுக்கு வந்தது. இலங்கை வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டே சமைப்பவள் என் அம்மா. வானம் தோண்டிய பிறகு அவள் பாடி நான் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று அன்று யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். வளையல் போனதை மட்டும் கவனித்தேன், ஏனென்றால் அது எனக்கு என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஆடியிலிருந்து விட்டதையெல்லாம் பிடிப்பது என்று இறங்கிவிட்டேன். 'உதிரிப்பூக்கள்', 'அவள் அப்படித்தான்', இதே அர்ச்சனாவும் பாகவதரும் நடித்த 'சந்தியா ராகம்'. நல்ல படங்கள். ஆனால் அவற்றைப் பார்க்காமல் விட்டதில் எனக்குக் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை, யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. இப்போது சென்னையில் போரூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது வளசரவாக்கத்தைத் தாண்டுவேன். சுதா மனை வாங்கிப் போட்ட காலத்து ஊர் எங்கே இருந்தது என்று மெட்ரோ தூண்களுக்கு நடுவில் தேடுவேன். மனை அவள் வாங்கியதில்லை, குடும்பச் சொத்து. பார், நானே கதையை மாற்றிச் சொல்கிறேன்.

படம் பார்த்த மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டும்.

"ஒரு ஞாத்துக்கெழம டிவில ஒரு படம் பாத்தியேம்மா, வீடு கட்டுற கத. என்னையக்கூட உக்காரச் சொன்னியே."

"என்ன படம்?"

சொன்னேன். பேத்தி, பாட்டு கற்றுக்கொடுத்த தாத்தா, சித்தாள். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள், நினைவு வந்த மாதிரி இல்லை. தாத்தா தனியாக வீட்டைப் பார்க்கப் போவதைச் சொன்னதும் சட்டென்று குரல் மாறியது.

"ஆமாட்டி! கெழவனார் செவரத் தடவிக்கிட்டே நிப்பாரு. அந்த எடத்துல கரண்டு போயிட்டுல்லா. அன்னைக்குப் பூரா வரல. நீ வெளையாடப் போயிட்ட."

முழுப் படத்தையும் அவள் பார்த்ததே இல்லை. அதற்கப்புறம் என்ன ஆனது என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் எவரும் அதைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே ஆளான நானும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

"அந்தப் பிள்ள வீட்டக் கட்டி முடிச்சிட்டாளா?" என்று கேட்டாள்.

முடிக்கப்போகும் நேரத்தில் குடிநீர் வாரியத்து அதிகாரி வந்து, இந்த நிலத்தை நாங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டாயிற்று, இங்கே எப்படிக் கட்டினாய் என்று கேட்பார். சுதா கோர்ட்டுக்குப் போவாள். தீர்ப்பு வருவதற்குள் படம் முடிந்துவிடும். இதையெல்லாம் ஸ்பீக்கரில் கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"கோர்ட்ல கேஸ் நடக்குதும்மா" என்றேன்.

"இன்னுமாட்டி?" என்றாள் அம்மா.