சாவியைத் திருப்பினா... 'டக்'!

உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கும் பாருங்க. ரிப்பேர்காரர் வந்து நின்னா மட்டும் ஒழுங்கா சுத்துற ஃபேன், கடைக்குக் கொண்டு போனா மட்டும் சமர்த்தா சார்ஜ் ஏறுற செல்போன்... எங்க வீட்டுல அது கார்!

அப்பாவுக்கு உடுமலைப்பேட்டையில வாடகைக் கார் ஓட்டுறதுதான் தொழில். இருக்கறது ஒரே கார், அதுக்கும் வயசு பதினாலு. பழனிக்குப் போறவங்க, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்கன்னு வழக்கமான கஸ்டமர்கள் உண்டு. என் செமஸ்டர் ஃபீஸ் மொத்தமும் அந்த ஸ்டியரிங்ல இருந்துதான் வருது.

போன ஜூன்ல ஆரம்பிச்சது வினை. வண்டி நல்லா ஓடும். எங்கேயாவது டீ குடிக்க நிறுத்திட்டு, திரும்பி வந்து சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். டேஷ்போர்டு லைட் அவுட், ஹாரன் அவுட், உள்ளே எரியுற குட்டி பல்புகூட அவுட். பத்து நிமிஷம் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

ஷெட்டுக்குக் கொண்டு போனா, பத்து தடவை செல்ஃப் அடிச்சா பத்து தடவையும் ஸ்டார்ட்! ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் பாவம், என்ன பண்ணுவார்? முதல்ல புது பேட்டரி போட்டார். ரெண்டு வாரம் ஜம்முனு ஓடுச்சு, மறுபடி 'டக்'. அடுத்து டைனமோவைக் கழட்டி சர்வீஸ். (ஆல்டர்னேட்டரைத்தான் ஷெட்டுல இன்னும் டைனமோங்கிறாங்க. எங்க ஹெச்.ஓ.டி. கேட்டா அழுதுடுவார்.) மூணு வாரம் ஓடுச்சு, மறுபடி 'டக்'. அப்புறம் சாவி ஸ்விட்ச். எல்லாம் சேர்த்து பதினோராயிரம் ரூபாய் காலி.

நான் கோவை ஹாஸ்டல்ல உட்கார்ந்துகிட்டு போன்லயே வைத்தியம் பார்த்தேன். ட்ரிபிள்-ஈ மூணாவது வருஷமாச்சே, கெத்து!

"ராத்திரி லைட்டை ஆஃப் பண்ண மறந்திருப்பீங்கப்பா. பேட்டரி இறங்கியிருக்கும்."

"இல்ல கண்ணு, ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

"மறந்திருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செரி கண்ணு, இனிமே பார்த்து ஆஃப் பண்றேன்"னு வெச்சுட்டார்.

ஒரு கஸ்டமர் ரயிலை விட்டுட்டாங்க, அதோட வேற வண்டிக்கு மாறிட்டாங்க. அப்பா ராத்திரி டிரிப்பே எடுக்கறதில்லைன்னு அம்மா சொன்னாங்க. "வயசாகுதில்ல, ஞாபகம் தப்புது"ன்னு அம்மாவும் சொன்னப்ப நான் மறுத்துப் பேசலை. சத்தியமா, நானும் அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன்.

பொங்கல் லீவுல அத்தை வீட்டுக்குப் போயிட்டு நானும் அப்பாவும் திரும்பி வர்றோம். நல்லா இருட்டிடுச்சு. வழியில ரயில்வே கேட் மூடியிருந்தது. முதல் வண்டி எங்களோடது. அப்பா இன்ஜினை ஆஃப் பண்ணினார். ரயில் போச்சு, கேட்டைத் தூக்கினாங்க, சாவியைத் திருப்பினார். 'டக்'!

பின்னாடி லாரி, பஸ், டிராக்டர்னு வரிசையா ஹாரன். எங்க வண்டியில ஹசார்டு லைட்கூட எரியலை. கும்மிருட்டுல, நடு ரோட்டுல ஒரு இரும்புப் பெட்டி மாதிரி நிக்கிறோம். அப்பா பதறலை. சீட்டுக்கு அடியில கைவிட்டு ஒரு டார்ச்சும் வெள்ளைத் துண்டும் எடுத்தார். இறங்கிப்போய் துண்டை வீசி, "ஒரு நிமிஷமுங்க... ஒரு நிமிஷமுங்க"ன்னு ஒவ்வொரு வண்டியா கும்பிட்டுச் சொன்னார். டார்ச்சும் துண்டும் கைக்கு எட்டுற இடத்துல தயாரா இருந்ததைப் பார்த்தப்பதான் உறைச்சது... இது எத்தனை தடவை நடந்திருக்கும்!

நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாத் தள்ளினாங்க. அப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, வெறுப்புல 'படார்'னு மூடினார். உள்ளே குட்டி பல்பு எரிஞ்சது!

தட்டினா உயிர் வருதுன்னா, எங்கேயோ ஒரு ஜாயின்ட் பாதி பிடிச்சும் பிடிக்காமலும் இருக்கு. எங்கே?

மறுநாள் காலையில மல்ட்டிமீட்டரோட இறங்கினேன். பேட்டரி 12.6 வோல்ட். ஃபுல் சார்ஜ்! இங்கேதான் எல்லாரும் ஏமாந்திருக்கோம். மீட்டர் எடுத்துக்கிற கரன்ட் ஒண்ணுமே இல்லை. குட்டி பல்புக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். செல்ஃப் மோட்டார் சுத்தறப்ப நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். ஜாயின்ட்ல வெறும் 0.1 ஓம் தடை இருந்தாப் போதும், 100 ஆம்பியர் வேணும்னா அதுலயே 10 வோல்ட் போயிடணும். மோட்டாருக்கு மிச்சம் என்ன இருக்கு? ஜார்ஜ் ஓம் 1827-லயே புத்தகம் போட்டுச் சொன்ன சங்கதி. நான் இதை மூணு எக்ஸாம்ல எழுதி மார்க் வாங்கியிருக்கேன், வெட்கக்கேடு!

அதனால வண்டி சும்மா நிக்கறப்ப அளக்கக் கூடாது, செல்ஃப் சுத்தறப்ப அளக்கணும். நீங்க பண்றதா இருந்தா கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, கையில மோதிரம், வளையல் இருந்தா கழட்டி வெச்சுடுங்க. மீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வெச்சு, கறுப்பு முனையை பேட்டரியோட மைனஸ் குமிழ்லயும், சிவப்பு முனையை இன்ஜின் இரும்புலயும் வெச்சேன். "அடிங்கப்பா!" நல்ல எர்த்தா இருந்தா 0.2 வோல்ட் பக்கம்தான் காட்டணும். எனக்கு 1.9 காட்டுச்சு. அதுவும் வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆன நேரத்துல!

அப்புறம் முனையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினேன். குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல ஒண்ணுமில்லை. கேபிள் மறுமுனையில போல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுலயும் ஒண்ணுமில்லை. அப்போ 1.9-ம் கேபிளுக்குள்ளேயே! பார்க்க புதுசு மாதிரி இருந்த தடிமனான கறுப்பு கேபிள். கிளாம்ப் ஓரமா ரப்பரைக் கிழிச்சேன், பச்சைப் பொடி கொட்டுச்சு. உள்ளே செம்புக் கம்பி முக்காவாசி அரிச்சுப்போயிருந்தது.

பேட்டரி மாத்தினப்ப, டைனமோவைக் கழட்டினப்ப, ஸ்விட்ச் மாத்தினப்ப... மூணு தடவையும் முதல் வேலையா அந்த மைனஸ் கிளாம்ப்பைத்தான் கழட்டி மாட்டியிருக்காங்க. அந்த அசைவுலதான் கம்பி கொஞ்ச நாளைக்குப் பிடிச்சிருக்கு. நாங்க பதினோராயிரம் ரூபாய் பில்லை நம்பிட்டோம்.

புதுக் கேபிள் முந்நூறு ரூபாய்க்குள்ளே முடிஞ்சது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் பழசை வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீட்டரை எங்கே வெச்சுப் பார்த்தே பாப்பா? இன்னொருக்கா காட்டு"ன்னார். சிரிக்கலை. எனக்கு அவர் மேல மரியாதை கூடிடுச்சு.

வீட்டுக்கு வர்ற வழியில தைரியத்தை வரவழைச்சுகிட்டு, "நீங்க லைட்டை ஆஃப் பண்ண மறக்கலீங்கப்பா"ன்னேன்.

"அது எனக்குத் தெரியுமே கண்ணு"ன்னார். ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டே இருந்தார்.

இப்போ ராத்திரி டிரிப்பெல்லாம் போறார். அந்த டார்ச்சும் வெள்ளைத் துண்டும் மட்டும் இன்னும் சீட்டுக்கு அடியிலயே இருக்கு. எடுத்துடுங்கன்னு நானும் சொல்லலை.