காளத்தியின் கறுப்புக் கோடு

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர்தான். பஸ்ஸில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள்; மற்றவர்களுக்குப் புரிகிறது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் சித்தூர் என்பதால் இதில் வியப்பில்லை. மாந்தோப்புகள், சந்திரகிரிக் கோட்டை, பிறகு திருப்பதியின் மொட்டைத் தலைகள். மலையிலிருந்து இறங்கியவர்களில் பலர் நேராகக் காளஹஸ்திக்கு பஸ் ஏறுகிறார்கள், ராகு கேது பூஜைக்கு. கோயிலைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்தால், அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பார்க்காமலே திரும்பும் ஒன்று இருக்கிறது: கலம்காரி.

தரையில் விரித்த துணிமேல் குனிந்து ஒருவர் ராவணனை வரைந்துகொண்டிருந்தார். கையில் மூங்கில் குச்சி. அதன் நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூல் உருண்டையாகச் சுற்றியிருக்கிறது. உருண்டையை விரல் அழுத்த, மை இறங்குகிறது. இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய அந்த மை, கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் பட்டதும் கறுக்கிறது. அழிக்க முடியாது. கை தடுமாறினால் தடுமாறியதுதான்.

ராவணனின் முகம் சிவப்பு. ராமன் நீலம். பெண்கள் மஞ்சள். கண்கள் முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. பார்த்ததும் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகளின் நினைவு வராமல் போகாது. 1905இல் டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னர் உள்ளிட்ட நான்கு கட்டடக்கலை மாணவர்கள் 'பாலம்' என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தையும் அளவையும் விட்டுவிட்டு, மனசுக்குப் படுகிறதை வரைவது என்று தீர்மானித்தார்கள். முகம் பச்சையாகலாம், தெரு கோணலாகலாம். மரத்தைச் செதுக்கி அச்செடுத்த அவர்களுடைய படங்களில் கறுப்புக் கோடு கத்திக் கீறலாக நிற்கும். அஜந்தா ஓவியங்களைப் புத்தகத்தில் பார்த்துக் கிர்ஷ்னர் வரைந்து பழகியதும் உண்டு.

இந்த இயக்கத்தின் பெயரைத் தமிழில் எழுத வேண்டியவர்களுக்கு ஒரு தலைவலி. 'வெளிப்பாட்டியம்' என்று எழுதலாம், நாக்கில் ஒட்டாது. தமிழ் படித்தவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் மெய்ப்பாடு, உணர்ச்சி உடம்பில் தெரிவது. அழுகிறவனின் கண்ணில் நீர், அஞ்சுகிறவனின் கையில் நடுக்கம். எக்ஸ்பிரஷனிஸ்டுகளுக்கு வழிகாட்டியான மூங்க் 1893இல் வரைந்த 'அலறல்' படத்தில் ஆள் மட்டும் அலறவில்லை, வானமும் நெளிகிறது. அதற்கு மெய்ப்பாடு போதாது.

காளத்தி என்றதும் நமக்குக் கண்ணப்பர். ஆகமப்படி பூஜை செய்த சிவகோசரியார் ஒருபுறம், வாயில் நீர் கொண்டுவந்து, செருப்புக் காலை லிங்கத்தின்மேல் வைத்துத் தன் கண்ணை அப்பிய வேடன் மறுபுறம். டிரெஸ்டன் இளைஞர்கள் சந்தேகமில்லாமல் கண்ணப்பர் கட்சி. வேடிக்கை என்னவென்றால், கண்ணப்பரின் ஊரில் துணியில் வரைகிறவர்கள் சிவகோசரியார் கட்சி! ராவணன் சிவந்திருப்பது வரைந்தவரின் கோபத்தால் அல்ல. அசுரனுக்குச் சிவப்பு என்பது மரபு. அங்கே ஒரு தனிமனிதன் முறையை உடைத்து அடைந்ததை இங்கே முறையே கொடுத்துவிடுகிறது. 'இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது' என்று மார்தட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

கவனித்தவர்கள் சென்னை ஓவியர்கள். 1922 டிசம்பரிலேயே ஸ்டெல்லா கிராம்ரிஷின் முயற்சியால் காண்டின்ஸ்கி, கிளே படங்கள் கல்கத்தாவுக்கு வந்துவிட்டன. ஆனால் இரவல் ஆவேசம் எத்தனை நாள் தாங்கும்? வான்கோவின் வேகத்தில் ஈர்க்கப்பட்டிருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களுமாக வரையத் தொடங்கினார். சந்தானராஜின் உருவங்களை முறுக்குவதும் கோடுதான். உள்ளே கொதிப்பதைச் சொல்ல நம் மண்ணின் கோடு போதும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கோட்டுக்குக் கிடைத்த மரியாதை அதைப் போடும் கைக்குக் கிடைத்ததா? கிர்ஷ்னரின் படங்களை நாஜிகள் 1937இல் 'சீரழிந்த கலை' என்று காட்டி இழிவுபடுத்தினார்கள். இன்று அவை அவர் பெயரோடு மியூசியங்களில் தொங்குகின்றன. காளஹஸ்தியில் இந்தத் தொழில் அநேகமாக நின்றுபோக இருந்த 1950களில், கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் பயிற்சி மையம் வந்தது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிலருக்கு விருதுகளும் வந்தன. ஆனால் பெரும்பாலான துணிகளில் வரைந்தவர் பெயர் இருப்பதில்லை. ஸ்கிரீனில் அச்சடித்து மீட்டர் கணக்கில் விற்பதும் 'கலம்காரி' என்றே விலை போகிறது.

ராவணனுக்கு இன்னும் நிறம் ஏறவேண்டும். படிகாரம் தடவி, சாயத்தில் கொதிக்கவைத்து, அலசிக் காயவைத்து, பிறகு மஞ்சள், கடைசியில் நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் இடையே ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். பக்கத்தில் சுவர்ணமுகி இருக்கிறது. வருஷத்தில் பல மாதம் அதில் மணல்தான்.