கட்டிக்குள் தேங்கும் குருதி

புற்றுக்கட்டி என்றாலே குருதி பெருக்கெடுத்து ஓடும் இடம் என்ற எண்ணம் முதுகலை வகுப்புகளில்கூட நிலவுகிறது. கட்டி தனக்கெனப் புதுநாளங்களை வருவித்துக்கொள்ளும் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எழுதியதைப் பாதியளவே நினைவில் வைத்திருப்பதன் விளைவு இது. நாளங்கள் பெருகுகின்றன; ஓட்டம் அதே அளவில் பெருகுவதில்லை.

அந்நாளங்கள் முறுக்குண்டவை, சில எங்கும் சென்று சேராதவை. சுவரின் இடைவெளிகள் வழியே பிளாஸ்மா கசிய, உள்ளே எஞ்சுவது அணுக்கள் மிகுந்த தடித்த குருதி. கசிந்ததை வடித்துச் செல்ல வேண்டிய நிணநாளங்களோ கட்டியின் நடுவே செயலிழந்து கிடக்கின்றன. ஆகவே திசுவின் அழுத்தம் ஏறுகிறது, மெல்லிய நாளம் நசுங்குகிறது, ஓட்டம் நிற்கிறது. சிலவேளை திசைமாறவும் செய்கிறது. சிரைவழி ஏற்றிய மருந்து கட்டியின் உட்பகுதியை எட்டாமல் போவதற்கும், ஆக்சிஜன் குன்றிய பகுதியில் கதிர்வீச்சு வலுவிழப்பதற்கும் இது பெருங்காரணம்.

கசிந்த ஃபைப்ரினோஜென், புற்றணுக்களின் மேலுள்ள திசுக்காரணி தூண்ட, நாளத்துக்கு வெளியே ஃபைப்ரின் வலையாகிறது. காயத்திலும் இதுவே நிகழும். அங்கே வலை கரைந்து தழும்பு உருவாகும். கட்டியில் கசிவு ஓய்வதில்லை. 1986இல் ஹெரால்டு டுவோராக் கட்டிகளை ஆறாத புண்கள் என்றழைத்தது அணியலங்காரம் அன்று; செயல்முறை விளக்கம்.

அந்த உறைவுத் தூண்டல் கட்டியோடு அடங்குவதுமில்லை. காரணமின்றிச் சிரைகளில் உறைவு தோன்றினால் உள்ளே புற்று மறைந்திருக்கலாம் என்று 1865இல் பாரிசில் ஆர்மான் த்ரூசோ கூறினார். பின்னர்த் தம் உடலிலேயே அதைக் கண்டு, 1867இல் இரைப்பைப் புற்றால் மறைந்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து என் அத்தையின் ஒரு கால் மட்டும் வீங்கியபோது, ரயில் பயணக் களைப்பு என்று சொல்லி ஒரு மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பியது. கணையக் கட்டி பிறகே தெரிந்தது. முன்பே அறிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். கணையப் புற்று அத்துணை இரக்கமுடையதன்று. ஆனால் உறைவு நுரையீரலைச் சேருமுன் உறைவெதிர் மருந்தையேனும் தொடங்கியிருக்கலாம். ஒருபக்கக் கால்வீக்கம் எல்லாமே புற்றாகாது. எனினும் ஒரு டாப்ளர் பரிசோதனைக்கு உரியது.

நாளங்களை அழிப்பதைவிடச் சீராக்குவது நன்று என்று 2001இல் வாதிட்டவர், கான்பூர் ஐஐடியில் வேதிப்பொறியியல் பயின்ற ராக்கேஷ் ஜெயின். குழாய்களையும் அழுத்தத்தையும் பயின்ற கண்ணுக்கே அது முதலில் புலப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. ஆயினும் அதற்குக் கையாளப்படும் பெவாசிசுமாப் குருதிக்கசிவு, தமனி உறைவு ஆகிய இரண்டின் வாய்ப்பையும் கூட்டுகிறது. எந்த அளவில், எத்தனை நாள் கொடுத்தால் ஓட்டம் சீராகும், எப்போது உறைவு முந்திக்கொள்ளும் என்பதையே எங்கள் ஆய்வக எலிகளில் இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.