நீங்களே கேளுங்க

2009இல் பொறியியல் முடித்தவர்கள் யாரிடமாவது 'ஆஃபர் லெட்டர்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கதை வரும். என் கதையும் அதில் ஒன்று. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அடுத்த ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளியே வந்தது. அமெரிக்காவில் ஒரு வங்கி விழுந்ததற்கும் விழுப்புரத்தில் அப்பா எனக்காக வாங்கிய கல்விக் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. கேம்பஸில் வேலை கிடைத்ததும் தெருவுக்கே லட்டு கொடுத்தாயிற்று. சேரும் தேதி மட்டும் வரவில்லை. "எப்பப்பா கூப்புடுவாங்க?" என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒருநாள் கேட்பதை நிறுத்தினார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு ஒரு அறை. காலையில் 'லெட் அஸ் சி' புத்தகம், மதியம் வாக்-இன். அப்படி ஒரு மதியம் பறக்கும் ரயிலில் வேளச்சேரி போனேன். மெடிக்கல் ஷாப்புகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனி. ஹார்ட்வேர் கடைக்கு மேலே ஒரு ஃப்ளாட். படிக்கட்டில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரியலூர் பக்கம். கேம்பஸுக்கு எந்தக் கம்பெனியும் வராத காலேஜ். ஃபார்ம் நிரப்ப என்னிடம் பேனா இல்லை, அவரிடம் இரண்டு இருந்தது.

"பாஸ், லிங்க்டு லிஸ்ட்ல லூப் இருக்கான்னு கண்டுபிடிக்கற கேள்வி மட்டும் வரக்கூடாது. மூணு இடத்துல அதுலயே போச்சு" என்றார்.

"எனக்கு டேட்டாபேஸ். தேர்ட் நார்மல் ஃபார்ம்னா தலை சுத்தும்" என்றேன்.

இருவரும் சிரித்தோம். ஒரே வேலைக்குத்தான் வந்திருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை.

எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். டைனிங் டேபிளில் எதிரெதிராக உட்கார வைத்தார் முதலாளி. சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

"தம்பி, நான் அக்கவுண்ட்ஸ் ஆளு. கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது. ப்ரோக்ராம் எழுதின பையன் போன வாரம் நின்னுட்டான். அதனால நீங்களே ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேளுங்க. யாரு திணறுறாங்கன்னு மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் அரியலூர்க்காரர் கேட்டார். ஸ்ட்ரக்சருக்கும் யூனியனுக்கும் என்ன வித்தியாசம்? கால் பை வேல்யூ, கால் பை ரெஃபரன்ஸ்? ஸ்டேட்டிக் வேரியபிள் எதற்கு? எல்லாம் புத்தகக் கேள்விகள். நானும் கடகடவென்று சொன்னேன். டேட்டாபேஸ் பக்கமே அவர் வரவில்லை.

அடுத்து என் முறை. முதல் இரண்டு கேள்விக்கும் அவர் நன்றாகவே பதில் சொன்னார். முதலாளி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆனது. அப்பாவின் முகம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எதுவும் வரவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"ஒரு லிங்க்டு லிஸ்ட்ல லூப் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பஸ்ஸில் தெரிந்தவர் காலை மிதித்துவிட்டால் பார்ப்போமே, அப்படி. பிறகு டேபிளைப் பார்த்தபடி, "தெரியல சார்" என்று முதலாளியிடம் சொன்னார்.

எனக்கு எட்டாயிரம் சம்பளம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

கீழே இறங்கியதும் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வாழ்த்துக்கள் பாஸ். இப்பவாச்சும் அது எப்படின்னு சொல்லுங்க."

என் ரெஸ்யூமின் பின்பக்கத்தில், அவர் பேனாவாலேயே வரைந்தேன். இரண்டு பாயிண்டர். ஒன்று ஒவ்வொரு அடியாகப் போகும், இன்னொன்று இரண்டிரண்டு அடியாக. லூப் இல்லையென்றால் வேகமானது முடிவைத் தொட்டுவிடும். இருந்தால் இரண்டும் சுற்றிச் சுற்றி எங்காவது ஓரிடத்தில் சந்தித்தே ஆகவேண்டும். டீ ஆறுவதற்குள் புரிந்துவிட்டது அவருக்கு.

"இவ்ளோதானா!" என்றார். டீக்குக் காசும் அவர்தான் கொடுத்தார்.

ரயிலில் சட்டைப்பையைத் தொட்டபோதுதான் பேனா என்னிடமே இருப்பது தெரிந்தது.

அந்த முதலாளியை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்படியா இன்டர்வியூ எடுப்பது என்று. ஆனால் அவர் கேள்வி கேட்கத்தான் சொன்னார். எந்தக் கேள்வி என்று முடிவு செய்தது நான்.

இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேரை நானே நேர்காணல் செய்கிறேன். கஷ்டமான கேள்விகளும் கேட்பேன், அது வேலை. யாராவது பதில் தெரியாமல் நின்றால், கடைசியில் விடையைச் சொல்லிவிட்டுத்தான் காலை கட் செய்வேன். "டைம் தாண்டுது" என்று ஹெச்ஆரில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை. தேர்ட் நார்மல் ஃபார்மை அவர் கேட்காமல் விட்டது மறந்துபோயா, வேண்டுமென்றேவா? டீக்கடையில் கேட்டிருக்கலாம். அவர் என்ன சொல்வாரோ என்று பயந்து, இரண்டு பாயிண்டரையும் இன்னொரு முறை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன்.